கிளினிக் வாங்கில் இருந்தவரைப் படம் பிடித்தவர்களுக்கு



நீளமான பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க முடியாதவர்கள் இரண்டு தவணையில் வாசியுங்கள், குறையில்லை.

இரண்டு கிழமைக்கு முன்னர் எங்கள் பகுதி வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றியது. உளநல கிளினிக்குக்கு வெளியே போட்டிருக்கும் வாங்கில், கையில் கொப்பியோடு ஒருவர் இருக்கிறார். ஊரில் பலருக்கும் தெரிந்த முகம். அலுவலகம் ஒன்றில் வேலை, இரண்டு பிள்ளைகளின் வாப்பா. படத்துக்குக் கீழே "ஆளுக்கும் கழண்டுட்டு போல" என்று ஒரு வரி. அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள். சிரித்தவர்களில் தாடி நரைத்தவர்களும் இருந்தார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களும் இருந்தார்கள்.

அவர் அடுத்த திகதிக்குக் கிளினிக் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம். அவருடைய அனுமதியோடும், அவர் யாரென்று தெரியாதபடியும் எழுதுகிறோம். தெரிந்தவர்கள் தெரியாததுபோல இருந்தால் அதுவே அவருக்குச் செய்யும் உதவி.

அவர் போனது விசருக்கு மருந்தெடுக்க அல்ல. அப்படிப் போயிருந்தாலும் படம் பிடிக்க உங்களுக்கு உரிமை கிடையாது, அது வேறு கதை. அவர் போனது ஏ.டி.எச்.டி என்ற ஒன்று தனக்கு இருக்கிறதா என்று பார்க்க. தமிழில் அவதானக் குறைபாடும் மிகையியக்கமும் என்று சொல்வார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஆளை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு குடும்பத்திலும் "அவனுக்குப் பொறுப்பே இல்ல" என்று பெயர் எடுத்த ஒருவர் இருப்பார். அந்தப் பெயர் எடுத்த எல்லோருக்கும் இந்த வருத்தம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிலருக்கு அதுதான்.

இவருடைய நாள் எப்படிப் போகிறது தெரியுமா? மின்சார பில்லும் பையில் இருக்கிறது, கட்டக் காசும் பையில் இருக்கிறது. கட்டுகிற இடத்தைத் தாண்டிப் போய், கட்டாமலே வீட்டுக்கு வருகிறார். லைனை வெட்டிவிட்டுப் போகிறார்கள். மனைவியோடு சண்டை. அடுத்த மாதமும் அதேதான். அலுவலகத்தில் பத்துக் கோவையையும் திறந்து வைத்திருப்பார், ஒன்றும் முடிந்திருக்காது. நாலு வியாபாரம் தொடங்கி நாலிலும் கடன். மோட்டார் சைக்கிளில் இரண்டு தரம் விழுந்து ஒரு தரம் கால் முறிந்தது. டியூஷனில் விட்ட மகளைக் கூட்டி வர மறந்து, பிள்ளை மஃரிப் தாண்டியும் கேற்றடியில் நின்றிருக்கிறாள். தொழுகையில் மூன்றா நாலா என்று தடுமாறி, ஸஜ்தா ஸஹ்வு இல்லாமல் முடிகிற தொழுகை குறைவு என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் இதே ஆள், வெள்ளம் வந்தால் முதல் ஆளாக இறங்குவார். இரவு முழுக்க நிவாரணப் பொதி கட்டுவார், ஒரு வீடும் விடுபடாது. இதைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் அவரை அடிக்கிறது. "அதுக்கு மட்டும் கவனம் வருதே, அப்ப மத்ததெல்லாம் வேணுமெண்டே செய்றான்." இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்களின் விளக்கம் பிழைக்கிறது. இந்த வருத்தத்தில் கவனமே இல்லாமல் போவதில்லை. கவனத்தைத் திருப்புகிற பிடி கையில் இல்லாமல் போகிறது. அவசரம், ஆர்வம், புதுமை இருந்தால் மூளை தானாக ஓடும். பில் கட்டுவதில் அவசரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. மற்றவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு உந்தல் உள்ளேயிருந்து வரும், இவருக்கு அது வருவதில்லை.

"எல்லாருக்கும் மறதி இருக்குத்தானே?" இருக்கிறது. எல்லோருடைய இரத்தத்திலும் சீனியும் இருக்கிறது. அளவு தாண்டினால்தான் சீனி வருத்தம் என்கிறோம். இதற்கும் அளவு இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாவது கைநூலின்படி, கவனம் சம்பந்தமாக ஒன்பது அறிகுறிகள், அமைதியின்மையும் அவசரப்படுதலும் சம்பந்தமாக ஒன்பது. 17 வயதைத் தாண்டியவருக்கு இரண்டில் ஒரு பக்கத்திலாவது குறைந்தது ஐந்து இருக்கவேண்டும். அதில் சில 12 வயதுக்கு முன்னரே இருந்திருக்கவேண்டும். வீடு, வேலைத்தலம், வெளியிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரியவேண்டும். வாழ்க்கையைக் கெடுத்திருக்கவேண்டும். வேறு வருத்தம் எதுவும் இதை விளக்கக்கூடாது. போனில் ஒரு நிமிட வீடியோ பார்த்துவிட்டு "எனக்கும் ஏ.டி.எச்.டி மச்சான்" என்று சொல்கிற தம்பிமார் இந்த வரிகளைத் திரும்ப வாசிக்கவேண்டும். கிளினிக் போகிறவரை விசரன் என்று ஒதுக்குகிறவரும், போகாமலே தனக்கு இருக்கிறது என்று பட்டம் சூட்டிக்கொள்கிறவரும், உண்மையாகவே வருத்தம் உள்ளவரின் வழியைத்தான் மறிக்கிறார்கள்.

"இது வெள்ளைக்காரன் புதுசாக் கண்டுபிடிச்ச பெஷன்." 1798இலேயே அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் ஒன்றில் மனதை நிறுத்த முடியாதவர்களைப் பற்றி எழுதினார். 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் லண்டனில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்தார். நூற்றாண்டு தாண்டிய பெஷன் எங்கே இருக்கிறது?

"சின்னப் புள்ளைகள்ட வருத்தம், வளர்ந்தா போயிரும்." வைத்தியர்களே நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். இன்று அப்படி நினைப்பதில்லை. ஓடித் திரிவது வயதோடு குறையலாம். மறதி, ஒழுங்கின்மை, நேரம் தெரியாமை பலருக்கு அப்படியே தங்கிவிடுகிறது. உலகளாவிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பேர் என்கிறார்கள். ஒரு ஜும்ஆவுக்கு ஆயிரம் பேர் வந்தால் இருபத்தைந்து பேர். குத்பா முடிவதற்குள் எழும்பிப் போய்த் தூணில் சாய்ந்து நிற்பவர்களை மட்டும் சொல்லவில்லை, அசையாமல் இருந்தும் குத்பாவில் ஒரு சொல்லும் காதில் விழாதவர்களும் அதில் அடக்கம்.

அந்தக் கணக்கில் பெண்களை யாரும் சேர்ப்பதில்லை. பையன் வகுப்பில் ஓடினால் ஆசிரியர் கண்ணில் படும். மூலையில் இருந்து யன்னலைப் பார்த்துக் கனவு காண்கிற பெண்பிள்ளை யாருக்கும் தொந்தரவில்லை, அதனால் யாரும் கவனிப்பதுமில்லை. கலியாணம் முடித்த பிறகுதான் வெடிக்கிறது. அடுப்பில் சோறு கரிகிறது, பிள்ளையின் தடுப்பூசித் திகதி தவறுகிறது, விருந்தாளி வந்தால் வீடு கிடக்கிற கிடை. மாமி பேசுகிறா, மச்சாள் பேசுகிறா, கடைசியில் மாப்பிள்ளையும் பேசுகிறார். "வளர்த்த வளர்ப்புச் சரியில்ல" என்று உம்மாவின் தலையிலும் விழுகிறது. காதி நீதிமன்றம் வரை போகிற பிணக்குகளில் "பொறுப்பில்லாத மனுசன்", "வீடு பாக்கத் தெரியாத பொம்புள" என்ற சொற்கள் எத்தனை தரம் வருகின்றன என்று அங்கு அமர்ந்தவர்களைக் கேளுங்கள். அதில் ஒன்றிரண்டையாவது தலாக்குக்கு முன்னால் ஒரு வைத்தியர் பார்த்திருக்கலாமே.

அடுத்தது ஜின், ஈமான் குறைவு, கண்ணூறு, நாவூறு. இதைப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். ஓதிப் பார்ப்பதை நாங்கள் மறுக்கவில்லை. துஆ எங்கள் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் தண்ணி ஓதிக் கொடுத்துவிட்டு "டொக்டர்மாரிட்ட காட்டாத, கூடிரும்" என்று சொல்லுகிற வாய்க்கு என்ன ஆதாரம்? வைத்தியம் செய்துகொள்ளச் சொல்லும் ஹதீஸ் எந்த மிம்பரிலும் ஓதப்படாததா? கி.பி. 934இல் வபாத்தான அபூ ஸைத் அல் பல்கி, உடலுக்கு நோய் வருவதுபோல உள்ளத்துக்கும் நோய் வரும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று தனி நூலே எழுதினார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னர் எங்கள் அறிஞர் எழுதியதை விட்டுவிட்டு, தாயத்துக்கு ஒரு தொகையும் ஹிஜாமாவுக்கு ஒரு தொகையும் கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலுக்கு ஒரு தொகையும் வாங்குகிறவர்களிடம் கடன்பட்டு நிற்கிறோம். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் வைத்தியரைக் காண ஒரு சதமும் கட்டவேண்டியதில்லை. கல்முனை நகருக்குள்ளேயே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. வடக்கே போனால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் எந்த நாள், யாரைக் காண்பது என்று காட்டுவார்கள். ஒரு காலத்தில் இப்படியான ஒன்றுக்கு இரவு பஸ்ஸில் கொழும்பு போய், அங்கொடை என்ற பெயருக்கே பயந்து, தெரியாத பாஷையில் மனசைத் திறக்கவேண்டி இருந்தது. இன்று தமிழில் பேசலாம். இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை. பேச்சுத்தான் பரிசோதனை. அதனால் பாஷை மிக முக்கியம்.

பேச்சு என்றால் என்ன பேச்சு? முதலில் ஒரு வினாத்தாள் தரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் உள்ளதில் 18 கேள்விகள், முதல் ஆறு கேள்விகள்தான் சல்லடை. அந்த ஆறிலும் "அடிக்கடி" என்று புள்ளடி போட்டதால் மட்டும் வருத்தம் உறுதியாகாது. பிறகு வைத்தியர் கேட்பார்: நித்திரை எப்படி, குறட்டை உண்டா, மனச்சோர்வு உண்டா, இடையிடையே அளவுகடந்த உற்சாகம் வந்து நித்திரையே தேவைப்படாத நாட்கள் உண்டா, தைரொயிட் பார்த்தீர்களா, வேறு ஏதும் பாவிக்கிறீர்களா. இவை எல்லாம் கவனத்தைக் கெடுப்பவை. கடைசிக் கேள்விக்குப் பொய் சொல்லவேண்டாம். அவர் பொலிஸ் இல்லை.

எங்கள் கரையில் இன்னொன்றும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேல். அன்று எட்டு வயதாக இருந்த பிள்ளை இன்று முப்பதை எட்டி நிற்கிறது. கடலைக் கண்டவருக்கும், அதற்கு முன்னர் துவக்குச் சத்தத்தில் வளர்ந்தவருக்கும், மனம் ஒரு இடத்தில் நிற்காததற்கு வேறு காரணம் இருக்கலாம். அதிர்ச்சியால் வந்ததா, பிறவியிலிருந்தே இருந்ததா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரித்தறிவது லேசான வேலையில்லை. அதைப் பிரிக்கத்தான் 12 வயதுக்கு முந்திய கதையைக் கேட்கிறார்கள். பழைய தேர்ச்சி அறிக்கை இருக்கிறதா, உம்மாவைக் கூட்டி வரலாமா என்று கேட்கிறார்கள்.

மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் கரையோரம் இருந்த எத்தனை வீட்டில் தேர்ச்சி அறிக்கை மிஞ்சியது? இவருடையது மிஞ்சவில்லை. உம்மாவும் மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் அவர் கிட்டத்தட்டத் திரும்பி வந்திருப்பார். வைத்தியர்தான் சொன்னார், மூத்தவர்கள் யாராவது இருந்தால் போதும், கடதாசி கட்டாயமில்லை என்று. ராத்தா வந்து சொன்னா. நாலாம் வகுப்பில் படிப்பித்த டீச்சர் ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறா, அவவிடமும் போனோம். பெயரைச் சொன்னதும் டீச்சர் சொன்னது: "அவன் கதிரையில குந்தி இருந்த நாள நான் காணல்ல. கேள்வி கேட்டா முதல் கை அவன்டதான். கணக்குக் கொப்பிய மட்டும் ஒரு நாளும் வீட்ட இருந்து கொண்டு வரல்ல." இதை எழுதித் தரச் சொன்னோம், தந்தா. ஒரு வைத்தியருக்கு இதைவிடப் பெறுமதியான தாள் வேறில்லை.

இனிக் குளிசைக்கு வருவோம், ஏனென்றால் படத்துக்குக் கீழே ஒருவர் "போதைக் குளிசை எடுக்கப் போயிருக்கார்" என்றும் எழுதியிருந்தார். ஐஸும் குளிசையும் எங்கள் இளைஞர்களைத் தின்னுகிற காலத்தில் இந்தப் பயம் வருவது இயல்பு. அதனால் விளங்கச் சொல்கிறோம். பொதுவாகக் கொடுக்கப்படுவது மெதில்பெனிடேற். 1944இல் சுவிற்சர்லாந்தில் முதலில் தயாரித்தார்கள், 1950களில் சந்தைக்கு வந்தது. இது ஊக்கி வகை மருந்துதான், மறைக்கத் தேவையில்லை. 1971ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் வைத்தியரின் துண்டு இல்லாமல் கிடைக்காது, எல்லாப் பாமசியிலும் இருக்கவும் மாட்டாது. வைத்தியர் குறித்த அளவில் வாயால் எடுக்கிற குளிசைக்கும், அளவு தெரியாமல் ஊதித் தள்ளுகிற ஐஸுக்கும் உள்ள தூரம், சத்திரசிகிச்சைக்கு முன்னர் போடுகிற மோபினுக்கும் தெருவில் விற்கிற தூளுக்கும் உள்ள தூரம்.

சுவீடனில் இந்த வருத்தம் உள்ள 25,000க்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை எடுத்து, அதே ஆட்கள் மருந்து எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். 2012இல் வெளிவந்தது. மருந்து எடுத்த காலத்தில் குற்றத்தீர்ப்புகள் ஆண்களில் 32 வீதமும் பெண்களில் 41 வீதமும் குறைவு. 2014இல் வந்த இன்னொரு சுவீடன் ஆய்வில், மருந்து எடுத்த காலத்தில் ஆண்களின் பாரதூரமான வீதி விபத்துகள் 58 வீதம் குறைவு. பெண்களில் அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. குளிசை மட்டும்தான் காரணம் என்று இப்படியான ஆய்வு நூறு வீதம் நிரூபிக்காது. ஆனாலும் அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் இடையில் மெயின் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற பிள்ளைகளின் ஜனாஸாவைத் தூக்கிய ஊருக்கு அந்த 58 வீதம் சும்மா கடந்து போகிற எண்ணாக இருக்கக்கூடாது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். பசி குறையும், நித்திரை பிந்தும், நெஞ்சு படபடக்கும், பிரஷர் கூடலாம். நிறை, நாடி, பிரஷர் பார்த்துத்தான் தொடங்குவார்கள், இடைக்கிடை திரும்பவும் பார்ப்பார்கள். இதய வருத்தம் உள்ளவர்கள் முதலே சொல்லவேண்டும். எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராதவர்களுக்கு அற்றொமொக்ஸிற்றின் போல ஊக்கி அல்லாத மருந்தும் உண்டு, அது வேலை செய்யக் கிழமைக்கணக்கில் எடுக்கும். மெதில்பெனிடேற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வந்த விண்ணப்பத்தை உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2019இலும் 2021இலும் ஏற்கவில்லை, ஆதாரங்களின் தரம் போதாது என்று. எதிர்க்கிறவர்கள் இதைத் தூக்கிக் காட்டுவார்கள் என்பதால் நாங்களே சொல்லிவிடுகிறோம். அதே மருந்தை இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்கு முதல் தெரிவுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. முடிவு வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையில் எடுக்கவேண்டியது. வட்ஸ்அப் குழுமத்துக்கு அதில் வேலையில்லை.

குளிசை போட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. சுவரில் ஒரு கலண்டர், போனில் அலாரம், சம்பளம் வந்த அன்றே பில் கட்டுவது, மனைவியோ நண்பனோ பக்கத்தில் இருந்து வேலையைத் தொடங்க வைப்பது, இவையும் சிகிச்சைதான். குளிசை இவற்றைச் செய்ய வலு தரும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் எங்கள் ஊருக்கென்றே சொல்லவேண்டும். ஒன்று நோன்பு. மெதில்பெனிடேற்றின் சாதாரண குளிசை நாலு மணித்தியாலம் அளவில்தான் நிற்கும், பகலில் இன்னொன்று தேவைப்படும். நீண்ட நேரம் நிற்கிற வகையும் உண்டு, சஹரில் எடுக்கலாம். ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரே வைத்தியரிடமும் விளக்கமுள்ள ஒரு மௌலவியிடமும் கேளுங்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், இரண்டைச் சேர்த்து விழுங்கவும் வேண்டாம். மற்றது வெளிநாடு. டுபாய், சவூதி என்று போகிறவர்கள் இந்தக் குளிசையைச் சும்மா பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். அங்கும் இது கட்டுப்பாட்டு மருந்து. வைத்தியரின் கடிதமும் அந்த நாட்டின் முன்அனுமதியும் எடுத்துத்தான் போகவேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். சீனிக்கும் பிரஷருக்கும் முகாம் வைக்கிறீர்கள், அல்லாஹ் கூலி தருவான். ஒரு முறை உளநல வைத்தியர் ஒருவரையும் கூப்பிடுங்கள். ஒரு ஜும்ஆவில் பத்து நிமிஷம், கிளினிக் போகிறவரின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்துவது புறம் பேசுவதில் சேருமா இல்லையா என்று சொல்லச் சொல்லுங்கள். சீனி கிளினிக் வாங்கில் இருப்பவரை ஏன் யாரும் படம் பிடிப்பதில்லை?

வைத்தியசாலைகளை நடத்துகிறவர்களிடமும் ஒன்று. 2022 டொலர் நெருக்கடியில் மருந்துக்கு நாடே அலைந்தது, விளங்குகிறது. இப்போதாவது, இந்தக் குளிசை கிளினிக்கில் எப்போது இருக்கும் எப்போது இருக்காது என்று முன்கூட்டிச் சொல்ல வழி செய்யுங்கள். மறதிதான் வருத்தம் என்று வருகிறவரை மூன்று தரம் அலைய விட்டால் நாலாம் தரம் வரமாட்டார். அந்த வாங்கை வாசலில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுவதற்குக் காசும் தேவையில்லை.

கிளினிக் போகக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் 1926க்கு எடுத்துப் பேசலாம். அது தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம்.

கடைசியாக ஓய்வுபெற்ற ஆசிரியர்மாருக்கு. சேர்மாரே, டீச்சர்மாரே, உங்களிடம் படித்த யாராவது முப்பது, நாற்பது வயதில் வந்து "சின்ன வயசில நான் எப்பிடி இருந்தன்?" என்று கேட்டால், "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். தேர்ச்சி அறிக்கையில் "கவனம் போதாது, முயன்றால் முன்னேறலாம்" என்று எழுதப்பட்ட ஒரு வரி இன்று அவருக்குச் சாட்சி. அந்த அறிக்கையைக் கடல் கொண்டுபோயிருந்தால் மிச்சம் உங்கள் ஞாபகம் மட்டும்தான். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். வருத்தத்தின் பெயரை எழுதவேண்டாம், அது வைத்தியரின் வேலை. இடத்தில் இருப்பானா, பொருள் தொலைப்பானா, தொடங்கியதை முடிப்பானா, கூட்டாளிகளோடு எப்படி, அவ்வளவும் போதும். நல்லதையும் எழுதுங்கள். ஆண்டு சரியாக ஞாபகம் இல்லாவிட்டால் சுனாமிக்கு முன்னரா பின்னரா என்றாவது குறியுங்கள். என்வலப்பை ஒட்டிக் கையில் கொடுங்கள், வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.